அப்பா பேரில் ஒரு கார்

1

இன்றைக்கு அப்பா கோயம்புத்தூர் கோர்ட்டில் சாட்சி சொல்கிறார். நான் அயர்லாந்தில், ஒரு பெரிய தகரக் கொட்டகையின் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, என் காருக்கு வருடாந்திரத் தகுதிச் சோதனை முடியக் காத்திருக்கிறேன். இரண்டும் ஒரே நாளில் அமைந்தது தற்செயல்தான். சோதனை நாளை மாற்ற முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன். ஆறு வாரம் தள்ளிப் போகும் என்றார்கள். கோர்ட்டுத் தேதியை மாற்றுவதோ நம் கையில் இல்லை.

சோதனை செய்கிற பையன் பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்து, இரும்பில் பொறித்திருக்கும் எண்ணை ஒவ்வொன்றாகப் படித்துக் கையிலிருக்கும் தாளோடு ஒப்பிட்டான். நான் எழுந்து, கோட்டை இழுத்து மூடிக்கொண்டு, கண்ணாடியோடு ஒட்டி நின்றுவிட்டேன். அது என் கார். நான்கு வருடத்துக்கு முன் முறையாக வாங்கியது. ஆனாலும் அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். பக்கத்தில் இருந்த அம்மாள், "உடம்பு சரியில்லையா?" என்றார். குளிர் என்று சொல்லி வைத்தேன். பையன் டிக் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போனான். மொத்தம் அரை நிமிடம் ஆகியிருக்கும்.

அந்த அரை நிமிட வேலையைப் போன வருடம் நான் செய்யவில்லை. அதனால்தான் அறுபத்தெட்டு வயதில் அப்பா இன்று கூண்டில் ஏறுகிறார். எதிர்த்தரப்பு வக்கீல், "இவரும் கூட்டுதான், தெரிந்தேதான் திருட்டு வண்டியை வாங்கினார்" என்று நிரூபிக்கப் பார்ப்பார் என எங்கள் வக்கீல் முன்பே சொல்லிவிட்டார். சாட்சியாகப் போகிறவர் சாட்சியாகவே திரும்பி வர வேண்டும். அங்கே காலை பத்து மணிக்கு அவர் போனை அணைத்தார். இங்கே இப்போது ஒன்பது, அங்கே மதியம் ஒன்றரை.

2

போன வருடம் ஒரு மாத லீவில் மகள் அனுவோடு ஊருக்குப் போயிருந்தேன். கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பாவும் தம்பி அருளும் பெருந்துறையில் இருக்கிறார்கள். அப்பா அங்கே ஒரு மில்லில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அதற்கு முன்னால் வெள்ளகோவில் பக்கம் ஒரு தோட்டத்தில் பண்ணையாள். அம்மாவை அடக்கம் செய்திருப்பது வெள்ளகோவிலில். மாதம் ஒரு ஞாயிறு சென்னிமலையிலும் காங்கேயத்திலும் பஸ் மாறி அங்கே போய், மாதா கோயிலில் பூசை பார்த்து, கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவார்.

"ஒரு கார் வாங்கிக்கலாம்ப்பா. ஞாயித்துக்கெழமை அருள் ஓட்டட்டும்," என்றேன்.

"பஸ்சுல போனா நாலு பேரைப் பாத்த மாதிரி இருக்குது கண்ணு. காரு எதுக்கு?"

அவர் சொன்னது சரி. கார் அவருக்குத் தேவைப்படவில்லை, எனக்குத்தான் தேவைப்பட்டது. அந்தத் தோட்டத்துக்காரரின் காரை அப்பா வருடக்கணக்கில் கழுவித் துடைத்திருக்கிறார். ஒரு நாளும் அதற்குள் உட்கார்ந்ததில்லை. அதே ரோட்டில், முன் சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு அவர் போக வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. கார் அவர் பேரில்தான் இருக்க வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தேன். "எம்பேர்ல இருந்தா வேலை சுலபம்க்கா," என்று அருள் சொன்னான். நான் கேட்கவில்லை. இந்தப் பிடிவாதம் என்ன செய்தது என்று பிறகு சொல்கிறேன்.

புரோக்கரிடம் போனால் ஏமாற்றுவான், நேராக வண்டிக்காரரிடமே வாங்கினால் நம்பிக்கை என்பது எங்கள் பக்கத்துச் சித்தாந்தம். அருள் இணையத்தில் தேடி ஒருவரைப் பிடித்தான். காந்திபுரத்துக்குப் பின்னால் முதல் மாடியில் வீடு. வெள்ளைக் கார் கீழே பளபளவென்று நின்றது. அனுவையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறினோம். அப்பா வழக்கம்போலச் செருப்பைக் கழற்றிவிட்டு வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டார்.

"ஏனுங்கய்யா, வெளியவே நின்னுட்டீங்க? உள்ள வாங்க. இப்படி எம் பக்கத்துல உக்காருங்க," என்று அந்த மனிதர் எழுந்து வந்தார். நாற்பது வயதிருக்கும், தங்க ஃபிரேம் கண்ணாடி, சலவைச் சட்டை.

அப்பா சோபாவின் நுனியில் உட்கார்ந்தார். அந்த ஆள் தானே உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். எனக்கு முன்னால், அருளுக்கு முன்னால், அப்பாவிடம் தட்டை நீட்டினார். "பெரியவங்க மொதல்ல எடுத்துக்கோணுமுங்க." அப்பா எடுத்த பிறகு, அதே தட்டிலிருந்து அதே மாதிரி தம்ளரைத் தானும் எடுத்துக் குடித்தார்.

இதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறவர்கள் பாக்கியசாலிகள். தோட்டத்தில் அப்பாவுக்கென்று ஒரு தம்ளர் மாட்டுச் சாளையின் எறவாரத்தில், கூரை நுனியில், சொருகியிருக்கும். அவரே எடுத்து, அவரே கழுவி நீட்ட வேண்டும். மேலேயிருந்து ஊற்றுவார்கள். சின்ன வயதில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோகும்போது நானே பார்த்திருக்கிறேன். நாற்பது வருடம் அவரை "நீ, வா, போ" என்றவர்களின் சாயலில் இருக்கிற ஒரு மனிதர், முதல் முறையாக "அய்யா, உக்காருங்க" என்கிறார்.

நான் வாயைத் திறந்தேன். "ஒரிஜினல் ஆர்.சி. புக்கு இருக்குங்களா? சேசிஸ் நம்பரை ஒருக்கா பாத்துக்கலாமுங்களா?"

அப்பா என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "இருக்கட்டும் கண்ணு. ஊட்டுக்குள்ள கூப்புட்டு உக்கார வெச்சவியகிட்ட அதெல்லாம் நோண்டிட்டு இருப்பாங்களா?"

அந்த ஆள் சிரித்தார். "கேக்கட்டுமுங்கய்யா, தப்பில்லீங்க. கடனைக் கட்டி முடிச்சாச்சு, பேங்க்ல இருந்து என்.ஓ.சி. வர ஒரு மாசமாகுமுங்க. வந்ததும் பேரு மாத்திக்கலாம். அதுவரைக்கும் நம்ம வண்டின்னு ஓட்டுங்க." ஆர்.சி.யின் நகல் ஒன்றைக் கொடுத்தார். முத்திரைத்தாளில் விற்பனை ரசீது எழுதினார். அப்பா பேரில்.

தாட்சண்யம் தன நாசம் என்பார்கள். அப்பாவின் தாட்சண்யத்தைச் சொல்லித் தப்பிக்க எனக்கு வழியில்லை. அயர்லாந்தில் என் காரை ஒரு வயதான விவசாயியிடம் வாங்கியபோது மூன்று தடவை ஸ்டார்ட் செய்ய வைத்தேன். குனிந்து அடியில் பார்த்தேன். காசு கட்டி அந்த வண்டியின் பூர்வோத்தரம் முழுவதையும் எடுத்தேன். அவர் முகம் சுளிக்காமல் டார்ச் பிடித்தார். எல்லாம் தெரிந்தவள் நான். அன்றைக்கு மேற்கொண்டு கேட்காததற்குக் காரணம் அப்பா கையைப் பிடித்தது மட்டுமில்லை. அவர் அந்த சோபாவில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கும் பெருமை தலைக்கேறியிருந்தது.

திரும்பும்போது பெருந்துறை வருவதற்குள் அப்பா மூன்று முறை சொன்னார், "நல்ல மனுசன்."

3

நான் இங்கே திரும்பி மூன்றாவது மாதம், அந்த என்.ஓ.சி. இன்னும் வந்திருக்கவில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை அருள் கூப்பிட்டான்.

"அக்கா, வண்டியப் புடிச்சுட்டாங்க. திருட்டு வண்டியாமா."

வெள்ளகோவிலுக்குள் நுழைகிற இடத்தில் வாகனச் சோதனை. நம்பர் பிளேட் ஒரு வண்டியினுடையது, இன்ஜின் வேறு வண்டியினுடையது. பாலக்காட்டில் ஒரு டீச்சர் வீட்டு வாசலில் நின்றிருந்த காராம் அது. பூசைக்குப் போகிற ஜனங்கள் பார்த்துக்கொண்டே போக, நடுரோட்டில் விசாரணை.

"உனக்கு ஏதுய்யா காரு?" இதுதான் எஸ்.ஐ. கேட்ட முதல் கேள்வி.

ஓட்டிக்கொண்டிருந்தது அருள். அவனைப் பின்னால் தள்ளிவிட்டு அப்பா முன்னால் வந்திருக்கிறார். "எம்பேர்ல எழுதுனதுங்க. பையனுக்கு இதுல ஒண்ணும் தெரியாதுங்க." சாயங்காலம் வரை ஸ்டேஷனில் நிற்க வைத்தார்கள். விற்ற ஆளின் நம்பர் அணைந்து கிடந்தது. காந்திபுரத்து வீட்டில் வேறு குடித்தனம் வந்திருந்தது. கையில் இருந்த ஒரே நிஜமான காகிதம் அப்பா பேர் எழுதிய அந்த முத்திரைத்தாள்தான்.

அந்தப் பேரும் ஒரு வம்பைக் கொண்டுவந்தது. அப்பாவுக்கு இரண்டு பேர். சாதிச் சான்றிதழிலும் ரேஷன் கார்டிலும் ஆதாரிலும் மாரன். ஞானஸ்நானத்தில் ஆரோக்கியம். முதல் பேர் இருந்ததால்தான், அதாவது காகிதத்தில் மதம் மாறாததால்தான், எனக்கு நர்சிங் படிக்கச் சலுகை கிடைத்தது. இரண்டாவது பேரைச் சொல்லிக் கூப்பிட்டால்தான் அவர் திரும்பிப் பார்ப்பார். கார் வாங்கிய சந்தோஷத்தில், முத்திரைத்தாளில் தனக்குப் பிடித்த பேரைச் சொல்லி எழுத வைத்திருக்கிறார். போலீஸ் அதை எப்படி எழுதியது தெரியுமா? "மாரன் (எ) ஆரோக்கியம்." பேப்பரில் கொள்ளைக்காரர்கள் பேரை மட்டுமே அப்படிப் பார்த்திருக்கிறேன். ஸ்டேஷன் எழுத்தரிடம் அப்பா, "ரெண்டும் நாந்தானுங்க," என்றாராம். "அதத்தான் நாங்களும் எழுதிருக்கோம்," என்றாராம் அவர்.

இங்கே மறுநாள் முதியோர் இல்லத்தில் என் டூட்டி. கூட வேலை செய்யும் ஐரிஷ்காரப் பெண்மணியிடம் விஷயத்தைச் சொன்னேன். "உன் அப்பாவே கார்டு ஆயிற்றே, ஏன் கவலைப்படுகிறாய்?" என்றாள். இந்த நாட்டில் போலீசைத்தான் அப்படிச் சொல்வார்கள். வந்த புதிதில் அப்பா மில்லில் கார்டு, அதாவது காவலாளி, என்ற அர்த்தத்தில் நான் சொல்லியிருந்தேன். ஆறு வருடமாக அவரைப் பெரிய போலீஸ் அதிகாரி என்று நினைத்து மரியாதையாக விசாரித்திருக்கிறாள். அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டேன். சிரித்து முடித்துவிட்டு மறுபடி அழுதேன்.

4

குற்றப்பத்திரிகையில் இரண்டாம் எதிரியாக அப்பாவைச் சேர்க்கப் போகிறார்கள் என்று வக்கீல் சொன்ன அன்று, தோட்டத்துக்காரரின் மகன் அருளுக்குப் போன் செய்தார். நல்ல மனிதர்தான், குறை சொல்ல மாட்டேன். "இன்ஸ்பெக்டர் நமக்கு வேண்டியவரு. நம்ம பண்ணையத்து ஆளு, திருட மாட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடறேன். உங்கப்பன வந்து என்னைப் பாக்கச் சொல்லு," என்றார்.

அருள் என்னிடம் சொன்னான். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. உடனே அப்பாவைக் கூப்பிட்டேன்.

"போய்ப் பாத்துட்டு வந்துருங்கப்பா. ஒரு வார்த்தைல முடிஞ்சுரும்."

"முடிஞ்சுரும் கண்ணு. அவரு சொன்னா உட்டுருவாங்க."

"அப்பறமென்ன?"

"அவரு ஆளுன்னு உட்டுருவாங்க. அந்தத் தோட்டத்த உட்டு வந்து இருவது வருசமாச்சு. நான் திருடலைன்னு நெசத்தைச் சொல்றதுக்கு இன்னமும் அவரு வந்து நிக்கோணுமா?"

"ஜெயிலுக்குப் போனா என்னப்பா பண்ணுவீங்க?" என்று கத்தினேன். கூடவே சொல்லக் கூடாத ஒன்றையும் சொன்னேன். "அன்னிக்கு நீங்க என் கையைப் புடிக்காம இருந்திருந்தா இதெல்லாம் வந்திருக்குமா?"

"ஆமா அம்மணி, எந் தப்புதான்," என்றார். "அதுக்குத்தான் நானே போய்ச் சொல்றங்கறேன்."

என் வாழ்க்கையில் நான் பேசியதிலேயே கேவலமான பேச்சு அது. ஐயாயிரம் மைல் தள்ளி வந்து, வங்கியில் நாலு காசு சேர்த்து, மகளுக்குத் தன்மானத்தைப் பற்றிப் பாடம் எடுக்கிற நான், அப்பாவைத் திரும்பவும் அந்த வாசலில் போய் நிற்கச் சொன்னேன். அவர் போகவில்லை.

5

ஆகவே காகிதத்தால்தான் நிரூபித்தாக வேண்டும். "பணம் என்னுடையது, வாங்கும்போது நானும் உடனிருந்தேன்" என்று நான் ஒரு பிரமாணப் பத்திரம் எழுதி, டப்ளினில் நம் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கி அனுப்ப வேண்டும். மூன்று மணி நேரப் பயணம். முதல் தடவை, பாஸ்போர்ட்டில் அப்பா பேர் மாரன், பத்திரத்தில் ஆரோக்கியம், செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாவது தடவை இரண்டு பேரையும் எழுதிக்கொண்டு போனேன். கவுன்டரில் இருந்தவர், "ஏன் இரண்டு பேர்?" என்றார். பின்னால் வரிசை நின்றது. ஐந்து நிமிடத்தில் சொல்லக்கூடிய காரியமா அது? "வழக்கம்," என்றேன். என்ன நினைத்தாரோ, முத்திரை குத்திவிட்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தபோது அனு சமையலறையில் நின்றிருந்தாள். அவளுக்கு வயது பதினான்கு. நாங்கள் போனில் போட்ட சண்டையெல்லாம் பாதி புரிந்திருக்கிறது. தமிழ் காதுக்குள் போகும், வாய் வழியாக ஆங்கிலமாக வெளியே வரும். தாத்தாவோடு பேசச் சொன்னால் "நல்லாருக்கேன், சாப்ட்டேன்" என்ற இரண்டு வார்த்தைகளோடு போன் என் கைக்குத் திரும்பிவிடும்.

"என்கிட்ட ஒண்ணு இருக்கு. திட்டக் கூடாது," என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள்.

காந்திபுரத்து வீட்டில் பொழுது போகாமல் அவள் செல்போனில் படம் பிடித்திருக்கிறாள். அதற்கு ஒரு கோமாளி இசையைச் சேர்த்து, "என் தாத்தா முதன்முதலாக ஒரு சோபாவைச் சந்திக்கிறார்" என்று எழுதித் தோழிகளுக்கு அனுப்பியிருக்கிறாள். நுனியில், முதுகை நிமிர்த்தி, கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறார் அப்பா. எனக்கு ஓங்கி அறைய வேண்டும்போல இருந்தது. ஆனால் இந்தப் பிள்ளைக்கு அந்த சோபாவைப் பற்றி நான் எப்போது சொன்னேன்? பழைய சங்கதி எதற்கு, இங்கே நிம்மதியாக வளரட்டும் என்று எல்லாவற்றையும் மூடி வைத்தவள் நான்தானே.

"இசை போடாத ஒரிஜினல் இருக்கு," என்றாள் அழுதுகொண்டே.

அதில் அந்த ஆளின் முகம் தெளிவாகத் தெரிந்தது. குரலும் இருந்தது. சாவியை அப்பா கையில் கொடுத்துக்கொண்டே சொல்கிறார்: "மூணு வருசமா நானேதானுங்க ஓட்டுறேன். கண்ணாட்டம் வெச்சிருந்த வண்டிங்க." அந்தக் கார் பாலக்காட்டில் காணாமல் போய் அப்போது ஏழு மாதம்தான் ஆகியிருந்தது.

அருள் அதை வக்கீல் வழியாக ஒப்படைத்தான். முகத்தைப் பார்த்ததும் கோயம்புத்தூர் போலீசுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. இதேபோல இன்னும் சில வண்டிகளை விற்றவராம். எல்லா இடத்திலும் முதலில் காபிதானாம், யாரும் மேற்கொண்டு காகிதம் கேட்கவில்லையாம். இரண்டு மாதத்தில் பிடிபட்டார். வழக்கும் கோயம்புத்தூருக்கு மாறியது. எதிரி பட்டியலில் ஏற இருந்த அப்பா பேர் சாட்சிப் பட்டியலுக்குப் போனது.

வீடியோவைக் காட்டிய அன்று இரவே சாப்பாட்டு மேசையில் அனுவுக்கு எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். தோட்டம், தம்ளர், இரண்டு பேர் எதற்கு என்பது வரைக்கும். அவள் கேட்ட ஒரே கேள்வி, "இதை ஏன் இத்தனை நாள் என்கிட்ட சொல்லல?" தட்டுகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன்.

6

தகுதிச் சோதனையில் கார் தேறிவிட்டது. கண்ணாடியில் ஒட்டுகிற வில்லையைக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போக மனமில்லாமல் ஒரு கடையின் கார் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்திலிருந்து அனு செய்தி அனுப்பினாள்: "தாத்தா கூப்ட்டாரா?" இன்றைக்கு அவள் இப்படிக் கேட்பது நான்காவது முறை.

கூடப் போகிறேன் என்று அருள் சொன்னதற்கு, லீவு போடாதே என்று தடுத்துவிட்டார் அப்பா. தோட்டத்துக்காரரின் மகன் காரில் அழைத்துப் போகிறேன் என்றதற்கும் வேண்டாமுங்க என்றுவிட்டார். டிக்கெட் போட்டு வருகிறேன் என்ற என்னையும் விடவில்லை. வக்கீல் வாசலில் காத்திருப்பார், அது போதும் என்றார்.

இங்கே மணி பன்னிரண்டே கால் ஆனபோது போன் அடித்தது. பின்னால் பஸ் ஹாரன்களும் கண்டக்டர்களின் கூவலும் கேட்டன. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார்.

"முடிஞ்சுது கண்ணு."

"என்ன கேட்டாங்கப்பா?"

"அந்தாளோட வக்கீலு சத்தம் போட்டாரு. பேப்பரு ஒண்ணும் பாக்காம யாராவது காரு வாங்குவாங்களா, உனக்குத் தெரியும், நீயும் அவனும் கூட்டுன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அவரு மரியாதை குடுத்தாருங்க, எங்களுக்கு அது கெடைக்கறது அபூர்வமுங்க, கெடைச்ச ஒடனே வேற எதையும் கேக்கத் தோணலீங்கன்னு சொல்லிப்போட்டேன். நெசம் அதுதானே?"

இத்தனை வருடமாக யாரிடமும், என்னிடமும்கூட, அவர் வாய்விட்டுச் சொல்லாததை ஊர் பேர் தெரியாதவர்கள் நிறைந்த கோர்ட்டில் சொல்லியிருக்கிறார்.

"யாராவது சிரிச்சாங்களாப்பா?"

"ஒருத்தரும் சிரிக்கல. அந்த வக்கீலு அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலை, உக்காந்துட்டாரு. ஜட்ஜம்மா மட்டும் ஒண்ணு கேட்டாங்க. வயசானவரா இருக்கீங்க, உங்ககூட யாரு வந்திருக்காங்கன்னு."

"அதுக்கு?"

"யாரும் வல்லீங்க, நானாத்தானுங்க வந்தேன்னேன்." குரலில் லேசாகச் சிரிப்பு இருந்தது. "கண்ணு, ஈரோட்டு பஸ்சு வந்துருச்சு. சீட்டு புடிக்கோணும், வெக்கறேன்."